சொத்து வழக்குக்குத் தேதிப் பட்டியல் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சப்பை நிறையப் பத்திரங்களோடு வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருகிறவர்களை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. வருகிறவர்கள் பெரும்பாலும் "எங்கப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின நிலம் தெரியுமா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உள்ளே இருந்து "எந்த வருஷம்?" என்று ஒரு குரல் வரும். பேச்சு அங்கேயே நின்றுவிடும். பிறகு பையைக் கொட்டித் தேடுவார்கள், அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போவார்கள். அந்த ஒரு வாரத்தை மிச்சப்படுத்தத்தான் இந்தப் பக்கம். தமிழ்நாட்டில் குடும்பச் சொத்து, நிலத் தகராறு என்று முதன்முறையாக கோர்ட் வாசல் மிதிக்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

தேதிப் பட்டியல் என்றால் என்ன? அதை கோர்ட்டில் கொடுக்க வேண்டுமா?

ஒரு தாளில் மூன்று நெடுவரிசை: தேதி, நடந்தது, அதைக் காட்டும் ஆவணம். அவ்வளவுதான்.

முன்சீப் கோர்ட்டில் அந்தத் தாளை அப்படியே தாக்கல் செய்யச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிராதுக்கு, அதாவது வழக்குப் போடுகிறவர் தாக்கல் செய்யும் மனுவுக்கு, அதுதான் எலும்பு. வழக்கு மூலம் (வழக்குப் போடக் காரணமான சம்பவங்கள்) எது, அது எப்போது எழுந்தது என்பதைப் பிராதில் சொல்லியாக வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம் (கட்டளை 7, விதி 1). பிராதின் கடைசிப் பக்கங்களில் "வழக்கு மூலம் ... தேதியில் எழுந்து" என்று ஒரு பத்தி வருமே, அதை எழுத வக்கீலுக்கு உங்கள் பட்டியல் வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போடும்போது சுருக்கமும் தேதிப் பட்டியலும் மனுவுக்கு முன்னாலேயே இருக்கும். அங்கே பல மனுக்களின் தலையெழுத்தை அந்தச் சில பக்கங்களே தீர்மானிக்கின்றன என்று சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நியாயம் என் பக்கம் இருக்கும்போது தேதிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

நியாயத்துக்கும் கெடு உண்டு. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் ஒவ்வொரு வகை வழக்குக்கும் ஒரு காலம் வைத்திருக்கிறது. உரிமையின் பேரில் சுவாதீனம் (சொத்தைக் கையில் திருப்பித் தர) கேட்க 12 வருஷம், எதிரியின் (வழக்கில் எதிர்த்தரப்பின்) அனுபவம் உங்களுக்குப் பாதகமாக மாறிய நாளிலிருந்து. ஒரு பத்திரத்தை ரத்து செய்யச் சொல்ல 3 வருஷம், அதற்கான விவரங்கள் உங்களுக்கு முதலில் தெரியவந்த நாளிலிருந்து. கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்கவும் 3 வருஷம்தான்: ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து, இல்லாவிட்டால் எதிரி மறுத்தது தெரிந்த நாளிலிருந்து. கெடு தாண்டியது பிராதைப் படித்தாலே தெரிகிறது என்றால், சாட்சி விசாரணை வரை போகாமலேயே பிராதை நிராகரிக்கச் சொல்லி எதிர்த்தரப்பு மனு போடலாம் (கட்டளை 7, விதி 11).

நாடே பார்த்த ஒரு நிலவழக்கிலும் இதே கணக்கு வந்தது. அயோத்தியில் 1949 டிசம்பர் 22-23 இரவில் நடந்த சம்பவத்தின் மேல் சன்னி வக்ஃபு வாரியம் வழக்குப் போட்டது 1961 டிசம்பர் 18-இல். 12 வருஷம் முடிய நாலைந்து நாள்தான் பாக்கி. 2019 நவம்பர் 9 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கு காலத்துக்குள் வந்தது என்றது. நிர்மோகி அகாடா 1959-இல் போட்ட வழக்கு, அதற்குப் பொருந்திய 6 வருஷக் கெடுவைத் தாண்டிவிட்டது என்றது. அத்தனை பெரிய வழக்கிலேயே நாட்களை விரல்விட்டு எண்ணினார்கள் என்றால் நம்முடைய 40 சென்டுக்கு எண்ணாமல் விடுவார்களா?

கெடு கிட்டத்தில் இருப்பவர்கள் கவனிக்க இன்னொன்று: கொரோனா காலத்துக்காக 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களைக் காலவரையறைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 10-இல் உத்தரவிட்டது. உங்கள் கெடு அந்த இடைவெளியைத் தொட்டுப் போகிறதென்றால், "காலம் போய்விட்டது" என்று நீங்களே முடிவுகட்டிக்கொள்ள வேண்டாம். பட்டியலைக் கொண்டுபோய் வக்கீலிடம் காட்டுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காகிதத்திலிருந்து. நினைவிலிருந்து ஆரம்பித்தால் கோபம்தான் முதலில் எழுதும்.

வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிடுங்கள்: மூலப்பத்திரம், கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், உயில், பட்டா, தீர்வை ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கரண்ட் பில், வக்கீல் நோட்டீஸ், தபால் ரசீது. ஒவ்வொன்றையும் எடுத்து அதில் இருக்கிற தேதியைத் துண்டுத்தாளில் எழுதி மேலே சொருகி, வருஷ வரிசையில் அடுக்குங்கள். இதை முடிக்கும்போதே பாதிப் பட்டியல் தயாராகியிருக்கும்.

அப்புறம் வில்லங்கச் சான்று. பத்திரப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், மிகப் பழைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். உங்கள் கையில் இல்லாத பத்திரம் ஏதாவது அதில் தென்பட்டால் அதற்கு நகல் மனு போடுங்கள். வழக்கே அந்த ஒரு வரிக்குள் ஒளிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரே பத்திரத்தில் மூன்று நான்கு தேதி இருக்கிறதே, எதை எழுதுவது?

முத்திரைத்தாள் வாங்கிய தேதி, எழுதிக் கையெழுத்துப் போட்ட தேதி, பதிவான தேதி, பிறகு நகல் எடுத்த தேதி. தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். நகல் கொடுத்த தேதியைக் கிரயத் தேதி என்று எழுதி, அதுவே பிராதிலும் ஏறி, பிறகு திருத்த மனு போட்ட கதையெல்லாம் உண்டு.

பட்டியலின் முதல் நெடுவரிசையில் எழுதிக் கையெழுத்துப் போட்ட தேதி. பக்கத்திலேயே "பதிவு: இன்ன தேதி, ஆவண எண் இன்னது". 1908 பதிவுச் சட்டப்படி எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். பதிவாகிவிட்டால், அது பதிவான நாளிலிருந்து அல்ல, பதிவே தேவைப்படாவிட்டால் எந்த நாளிலிருந்து செல்லுமோ அந்த நாளிலிருந்தே செல்லும் (பிரிவு 47). ஒரே நிலத்தை ஒருவர் இரண்டு பேருக்கு விற்ற வழக்கில் இந்த வித்தியாசம்தான் ஜெயிப்பும் தோற்பும்.

முத்திரைத்தாள் தேதியையும் தள்ளிவிடாதீர்கள். 2010-இல் எழுதியதாகச் சொல்லும் ஒப்பந்தம் 2012-இல் விற்ற தாளில் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி யார்?

பழைய ரசீதில் "பசலி 1395" என்று இருக்கிறது. பத்திரத்தில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருக்கிறது. என்ன செய்ய?

வருவாய்த்துறையின் பசலி வருஷம் ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். பசலி 1395 என்றால் 1985 ஜூலை முதல் 1986 ஜூன் வரை. பட்டியலில் "1985" என்று மட்டும் எழுதிவிட்டு, கட்டியது 1986 மார்ச்சில் என்று ரசீதின் மூலையில் இருந்தால், குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொள்வார்கள். எனவே "பசலி 1395 (1985-86)" என்றே எழுதுங்கள்.

தமிழ் வருஷத்தில் கவனம் வேண்டும், 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். பிரபவ என்றால் 1927-28-ஆக இருக்கலாம், 1987-88-ஆகவும் இருக்கலாம். எழுதிக்கொடுத்தவர் எப்போது இறந்தார், முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது என்று பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யலாம். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனித் தேதிகள் அடுத்த ஆங்கில வருஷத்தில் போய் விழும்.

ஒவ்வொரு வரியையும் எப்படி எழுதுவது? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

கற்பனையாக ஒரு குடும்பம். அப்பா, ஓர் அண்ணன், கட்டிக்கொடுத்த தங்கை. வழக்குப் போடுவது தங்கை.

12.06.1978: அப்பா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் 2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை கிரயம் பெற்றார். (கிரயப் பத்திரம்)
03.02.2003: அப்பா இறந்தார். உயில் இல்லை. (இறப்புச் சான்று, வாரிசுச் சான்று)
பசலி 1421 (2011-12): அண்ணன் பட்டாவைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டார். (பட்டா நகல்; உத்தரவின் சரியான தேதி தாலுகா ஆபீஸில் கேட்க வேண்டும்)
2014 பொங்கலை ஒட்டி: அண்ணன் தங்கை வீட்டுக்கு இரண்டு மூட்டை கடலை கொண்டுவந்து "உன் பங்கு" என்று கொடுத்தார். (ஆவணம் இல்லை, சாட்சி: சித்தப்பா)
29.08.2019: அண்ணன் 1 ஏக்கரை வெளியாளுக்கு விற்றார். (வில்லங்கச் சான்று; பத்திர நகல் வாங்க வேண்டும்)
06.11.2023: தங்கை வில்லங்கச் சான்று பார்த்து விற்பனையை முதன்முதலில் அறிந்தார். (சான்று எடுத்த தேதி)
01.12.2023: தங்கை தரப்பில் வக்கீல் நோட்டீஸ். (நகல், தபால் ரசீது, ஒப்புகை அட்டை)
18.12.2023: அண்ணனின் பதில், "உனக்குப் பங்கு கிடையாது". (பதில் நோட்டீஸ்)

இதில் "ஏமாற்றி", "சதி செய்து", "நயவஞ்சகமாக" எதுவும் இல்லை பாருங்கள். ஒரு வரிக்கு ஒரு சம்பவம், யார் செய்தார் என்ற பெயர்ச்சொல் ஒவ்வொரு வரியிலும் உண்டு. "பட்டா மாற்றப்பட்டது" என்று எழுதினால் யார் மனு கொடுத்து மாற்றியது என்ற கேள்வி தொங்கும். மோசடி என்று சொல்ல வேண்டிய வழக்கில்கூட அந்தச் சொல் மட்டும் போதாது, தேதியோடு விவரம் கொடு என்கிறது சட்டம் (கட்டளை 6, விதி 4).

அந்த மாதிரியில் எனக்குப் பிடித்த வரி கடலை மூட்டை. தங்கைக்கு அது சாதாரண விஷயம், சொல்லக்கூடத் தோன்றாது. ஆனால் கூட்டுரிமைச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகவே கொள்ளப்படும், மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுக்கும் வரை. "2003-லிருந்து நான் மட்டும்தான் அனுபவிக்கிறேன், 12 வருஷம் தாண்டிவிட்டது" என்று அண்ணன் சொல்வார். 2014-இல் பங்கு கொடுத்தாரே என்பதற்கு என்ன பதில் வைத்திருப்பார்? பட்டா மாறியதும் தனியாக உரிமை மாற்றம் ஆகாது. ஆகவே அந்தக் குடும்பத்தில் தேட வேண்டியது, "பங்கு இல்லை" என்று முதன்முதலில் மறுத்த நாள்.

ரசீதோ கடிதமோ இல்லாத சம்பவங்களுக்கு எப்படித் தேதி போடுவது?

தெரியாத தேதியைத் தெரிந்ததுபோல் எழுதக்கூடாது, முதல் விஷயம் அதுதான். "14.05.2009 காலை 10 மணிக்கு" என்று கற்பனையாக எழுதிவிட்டால், கூண்டில் ஏறும்போது அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். "2009 மே வாக்கில்" என்று எழுதுவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

நினைவைத் தோண்ட நம் ஊரில் நல்ல அடையாளக் கற்கள் உண்டு. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. சுனாமி 2004 டிசம்பர் 26. தானே புயல் 2011 டிசம்பர் 30. பணமதிப்பிழப்பு 2016 நவம்பர் 8. கஜா புயல் 2018 நவம்பர் 16. பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் முழிப்பார்கள். "கஜாவுக்கு முந்தியா, பிந்தியா? அப்போ தென்னை நின்னுச்சா?" என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். பட்டியலிலும் அப்படியே எழுதலாம்: "கஜா புயலுக்குப் பிறகு, 2019 ஆடிக்கு முன்".

காதுகுத்து, சீமந்தம், கல்யாணப் பத்திரிகை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாம் உதவும். எந்த விசேஷத்தில் யார் யாரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை வீட்டுப் பெண்கள் மறக்கவே மாட்டார்கள், அவர்களைக் கேட்காமல் பட்டியலை முடிக்காதீர்கள்.

எனக்குப் பாதகமான சம்பவத்தை விட்டுவிடலாமா?

கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

பத்து வருஷம் முன்பு ஒரு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு தொகை வாங்கியிருப்பீர்கள். அண்ணன் விற்ற பத்திரத்தில் உங்கள் வீட்டுக்காரரே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார். எதிர்வழக்குரையில், அதாவது எதிர்த்தரப்பு கோர்ட்டில் போடும் பதிலில், இதெல்லாம் எப்படியும் வரும். அன்றைக்குத்தான் உங்கள் வக்கீலும் முதன்முதலில் அதைப் படிக்கிறார் என்றால், அவர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டுமே.

மிகவும் மறைக்கப்படுவது "தெரியவந்த தேதி". விற்பனை 2019-இல் நடந்தது, 2023-இல்தான் தெரியும் என்று சொல்வீர்கள். ஆனால் 2020-இல் அதே விஷயமாகப் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, ரசீதும் (சி.எஸ்.ஆர்.) வாங்கியிருப்பீர்கள். எதிர்த்தரப்பு அந்த ரசீதை நீட்டினால் 3 வருஷக் கணக்கு 2020-இலிருந்து ஓடத் தொடங்கும், நீங்கள் சொன்ன மற்றதையும் ஜட்ஜ் சந்தேகமாகப் பார்ப்பார். முன்னாலேயே சொல்லியிருந்தால், கேட்கும் பரிகாரத்தையே வேறு மாதிரி அமைக்க வக்கீலுக்கு வழி இருந்திருக்கும்.

பாதகமான வரிகளை அதே வரிசையில் எழுதி ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள், போதும்.

மகளுக்குப் பங்கு கேட்கும் வழக்கில் எந்தத் தேதிகள் கட்டாயம் வேண்டும்?

முதலில் சொத்து அப்பாவின் சுயசம்பாத்தியமா, பூர்வீகமா என்று பிரியுங்கள். இந்துக் குடும்பங்களுக்கு மட்டும் சொல்கிறேன், மற்றவர்களுக்குச் சட்டம் வேறு.

சுயசம்பாத்தியம், உயில் இல்லாமல் இறந்துவிட்டார் என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனும் மகளும் சமம். மேலே சொன்ன தங்கை இந்த வகை. "2005-க்கு முன்பு இறந்தால் பெண்ணுக்குப் பங்கில்லை" என்று டீக்கடையில் சொல்வது இவருக்குப் பொருந்தாது.

பூர்வீகம் என்றால் மூன்று தேதிகளைப் பட்டியலில் கோடு போட்டுக் காட்டுங்கள். 25.03.1989: தமிழ்நாட்டுத் திருத்தம், அன்றைக்குக் கல்யாணம் ஆகாத மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை. அதனால் கல்யாணத் தேதி முக்கியம், பத்திரிகையைத் தேடி எடுங்கள். 09.09.2005: மத்தியத் திருத்தம், கல்யாணம் ஆனவருக்கும் உரிமை. 20.12.2004: அதற்கு முன்பே முறையாக நடந்துவிட்ட பாகப்பிரிவினை, விற்பனைகளை அந்தத் திருத்தம் தொடாது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டையை, தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

வாட்ஸ்அப் செய்திகளைச் சேர்க்கலாமா?

தாராளமாக. ஆனால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். அந்த ஃபோனை விற்கவும் வேண்டாம், எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவும் வேண்டாம். 01.07.2024 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு என்று பட்டியலில் எழுதுவது. ஃபார்வர்டாக வந்த படத்தில் இருக்கும் தேதி உங்களுக்கு வந்த தேதி, படம் எடுத்த தேதி அல்ல.

கடன், செக் விவகாரத்துக்கும் இதே முறைதானா?

முறை ஒன்றுதான், நாட்கள் நெருக்கமாக இருக்கும். செக் திரும்பினால்: பேங்க் தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் அவருக்குக் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள், அது முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டீஸ் அனுப்பிய தேதியை மட்டும் எழுதினால் போதாது, போய்ச் சேர்ந்த தேதி வேண்டும். தபால் டிராக்கிங் பக்கத்தை அன்றே பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து 3 வருஷம். அதற்குள் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ கட்டி, பின்பக்கம் வரவு எழுதிக் கடனாளி கையெழுத்துப் போட்டிருந்தால் அங்கிருந்து புதிதாக 3 வருஷம். நோட்டைத் திருப்பிப் பார்க்காமல் கெடு கணக்குப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் செய்வதா, கையால் எழுதுவதா?

எது வசதியோ அது. எக்செலில் செய்தால் ஒரு தொல்லை: 05/06/2012 என்று அடித்தால் அது ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்பது உங்கள் கம்ப்யூட்டரின் அமைப்பைப் பொறுத்தது. மாதத்தை எழுத்தில் போட்டுவிடுங்கள். 1900-க்கு முந்தைய தேதிகளை எக்செல் தேதியாகவே ஏற்காது, வரிசைப்படுத்தினால் தாத்தாவின் பத்திரம் எங்கேயாவது போய் நிற்கும். நாலைந்து பக்கத்துக்கு மேல் போனால் படிக்க ஆள் இருக்காது.

வழக்குப் போட்ட பிறகும் பட்டியல் தேவையா?

தேவை. இரண்டாவதாக ஒரு தாள் தொடங்குங்கள்: வாய்தாத் தேதிகள், அன்று என்ன நடந்தது, அடுத்தது என்ன. தீர்ப்பு வந்ததும் நகல் மனு போட்ட தேதி, நகலுக்கு கோர்ட் முத்திரைத்தாள் கேட்ட தேதி, நகல் தயாரான தேதி. சான்றிட்ட நகலிலேயே இவை இருக்கும். மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், நகல் பெற ஆன காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். நகல் தயார் என்று பலகையில் போட்ட பிறகும் ஒரு மாதம் கழித்துப் போய் வாங்கினால், அந்த மாதத்தைக் கழித்துக்கொள்ள முடியாது.

இந்தப் பட்டியலை யாரிடமெல்லாம் காட்டலாம்?

உங்கள் வக்கீலிடம். அவருக்காகத் தயாரித்து அவரிடம் கொடுத்ததை வெளியிடச் சொல்லி எதிர்த்தரப்பு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சாட்சி சொல்லும்போது கூண்டில் அதைப் பார்த்துப் படித்தால், அதைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடும், நட்சத்திரம் போட்ட வரிகளோடு சேர்த்து. கூண்டுக்குப் போகும்போது தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அண்ணனின் மச்சானும் அதில்தான் இருப்பார்.